ஒன்பது 'ஏ'வின் இரண்டு தண்ணீர்க் குழாய்கள்

அகிலாவுக்கு உமாராணியை ஏன் பிடிக்காது என்று கேட்டால் ஒரு வண்டி காரணம் சொல்வாள். வகுப்பில் சத்தம் ஜாஸ்தி. பாடப் புத்தகத்தைத் திறப்பதே இல்லை. பிள்ளைகளோடு பிள்ளையாகத் தரையில் உட்கார்ந்துகொள்கிறாள், ஒரு டீச்சருக்கு இது அழகா. உண்மைக் காரணத்தை மட்டும் வாயைக் கிழித்தாலும் சொல்ல மாட்டாள். அவள் சொல்லாவிட்டால் என்ன, நாம் சொல்லிவிடலாம். அகிலா பெற்ற ஒரே பெண் மஹதி, காலையில் பல் தேய்க்கும்போது தொடங்கி ராத்திரி விளக்கணைக்கிற வரை உமா மிஸ், உமா மிஸ் என்று உயிரை விட்டாள். அவ்வளவுதான் விஷயம். மற்றதெல்லாம் சும்மா.

பஹ்ரைனில் ஈசா டவுன் என்றதும் எல்லோருக்கும் நினைவு வருகிற அந்தப் பெரிய பள்ளி இல்லை இது. அங்கே இடம் கிடைக்காத பிள்ளைகளை வைத்து ஓடுகிற ஒரு சின்னப் பள்ளி. மூன்று மாடி, ஒரு கூடைப்பந்து மைதானம், வெயிலில் காய்கிற நாலு பஸ். அகிலா இங்கே பல வருடமாக வரலாறு நடத்துகிறாள். சமூக அறிவியல் துறைக்குத் தலைவியும் அவள்தான். கணவர் சேதுமாதவன் ஒரு கட்டுமானக் கம்பெனியில் கட்டடச் செலவைக் கணக்குப் போடுகிற குவாண்டிட்டி சர்வேயர், வீட்டில் அதிகம் பேசாத மனுஷர்.

பெற்ற பிள்ளையைத் தன் வகுப்பில் வைத்துக்கொள்ளக் கூடாது என்பது பள்ளியின் விதி. அதனால் ஒன்பதாம் வகுப்பில் 'பி' பிரிவு அகிலாவுக்கு, மஹதி 'ஏ' பிரிவில். அதில் அகிலாவுக்கு வருத்தம் இருந்ததில்லை. பள்ளியில் யார் நடத்தினால் என்ன, வீட்டில் வரலாறு அவளுடைய ராஜ்யம். சாப்பாடு முடிந்ததும் மஹதி அவள் மடியில் தலை வைத்துப் படுத்துக்கொண்டு, அப்புறம் அந்த ராஜா என்ன ஆனான், அந்த ராணி என்ன ஆனாள் என்று குடைந்து குடைந்து கேட்பாள். நெப்போலியனின் சிப்பாய்களை ரஷ்யப் பனியில் நடக்கவிட்ட அன்று பெண்ணுக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. பன்னிரண்டாம் வகுப்புகூட இப்படிக் கேட்பதில்லை என்று ஸ்டாஃப் ரூமில் சொல்லிச் சொல்லிப் பூரித்துப்போவாள் அகிலா.

செப்டம்பரில் உமாராணி வந்து சேர்ந்தாள். விருதுநகர்ப் பக்கம் ஊர். கணவனையும் சின்ன மகனையும் அங்கே விட்டுவிட்டு, பள்ளி எடுத்துக் கொடுத்த விசாவில் வந்தவள். பள்ளியிலிருந்து கொஞ்ச தூரத்தில் இன்னும் இரண்டு டீச்சர்களோடு ஒரு ஃப்ளாட்டில் தங்கியிருந்தாள். ப்ரொபேஷன் இன்னும் முடியவில்லை. அவள் வந்த ஒரே மாதத்தில் அகிலாவின் மடி காலியாகிவிட்டது. வாயைத் திறந்தாலே, "அது உமா மிஸ் சொல்லிட்டாங்கம்மா, எனக்குத் தெரியும்" என்று மஹதி எழுந்து போய்விடுவாள். அகிலாவுக்கு அடிவயிற்றிலிருந்து ஓர் எரிச்சல் கிளம்பும். மாத்திரைக்கு அடங்குகிற எரிச்சலா அது.

ஜனவரியில் சமூக அறிவியல் கண்காட்சி. இந்த வருடத் தலைப்பு, இருபதாம் நூற்றாண்டு அமெரிக்காவின் கொந்தளிப்புகள். சீட்டுக் குலுக்கியதில் 'பி' பிரிவுக்கு முப்பதுகளின் வேலையில்லாப் பஞ்சம் வந்தது. 'ஏ' பிரிவுக்குக் கறுப்பின மக்களின் உரிமைப் போராட்டம். அகிலா வழக்கம்போலத் தெர்மகோலை எடுத்தாள். ரொட்டிக்கு வரிசையில் நிற்கிற தொப்பிக்காரர்கள், பூட்டிக் கிடக்கும் வங்கி, புகை வராத ஆலை என்று தத்ரூபமாக வெட்டி ஒட்டவைத்தாள். உமாராணி தெர்மகோலைத் தொடவே இல்லை. வகுப்பில் வரிசையாக ஸ்டூல்களைப் போட்டுச் சிலரை உட்காரவைத்தாள். மற்றவர்களைச் சுற்றி நின்று கேலி செய்யச் சொன்னாள். வெள்ளையருக்கு மட்டும் சாப்பாடு போட்ட ஹோட்டல்களில் கறுப்பின மாணவர்கள் போய் உட்காருவதற்கு முன்னால், வசை கேட்கவும் அடி வாங்கவும் இப்படித்தான் ஒத்திகை பார்த்தார்களாம், சிட்-இன் என்று அந்தப் போராட்டத்துக்குப் பேர். தலையில் சர்க்கரையைக் கொட்டினாலும் எழுந்திருக்கக் கூடாது. பதில் பேசக் கூடாது. முறைக்கவும் கூடாது.

அந்த ஒத்திகையை மஹதி வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டாள். கணக்கில் மார்க் குறைந்ததற்காக அகிலா ஒரு நாள் அவளைப் பிடி பிடியென்று பிடித்துக்கொண்டிருந்தபோது, பெண் சாப்பாட்டு மேஜையில் முதுகை நிமிர்த்தி, இரண்டு கையையும் மேஜைமேல் வைத்து, எதிர்ச் சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள்.

"உன்னைத்தான் கேக்கறேன். காதுல விழுதா இல்லையா?"

பதில் இல்லை.

"வாயில என்ன கொழுக்கட்டையா வச்சிருக்கே?"

அதற்கும் இல்லை. சேதுமாதவன் மோர்சாதத்திலிருந்து தலையைத் தூக்கினார். "அவ சிட்-இன் பண்றா, அகிலா. நீ திட்டத் திட்ட அவளுக்கு நல்ல ப்ராக்டிஸ்."

"அப்பா, சிரிக்க வைக்காதீங்க," என்றாள் மஹதி, உதட்டை அசைக்காமல். "உமா மிஸ் ஒரு பீரியட் முழுக்க அசையாம இருந்தாங்க. விமல் என்னென்னவோ சொல்லிப் பாத்தான்."

அப்பனும் பெண்ணும் சிரித்தார்கள். அகிலாவுக்குக் காதில் புகை வந்தது. திட்டுகிற உரிமைகூடத் தன் கையைவிட்டுப் போய்விட்டதே என்று இருந்தது. பாத்திரங்களை அன்றைக்கு அவள் தேய்த்த தேய்ப்பில் சிங்க் அதிர்ந்தது.

அதோடு விட்டதா. அடுத்த வாரம் மஹதி தோசை தின்றுகொண்டே கேட்டாள். "அம்மா, லால்குடி தாத்தா வீட்ல வயல் வேலைக்கு வர்றவங்களுக்குத் தனி டம்ளர் இருந்துச்சா?"

"யார் சொன்னா உனக்கு?"

"யாரும் சொல்லலை. அமெரிக்காவுல குடிக்கிற தண்ணிக்கே ரெண்டு குழாய் இருந்துச்சு, வெள்ளைக்காரங்களுக்கு ஒண்ணு, கறுப்பர்களுக்கு ஒண்ணு. நாங்கல்லாம் சிரிச்சோம். உமா மிஸ் சிரிக்கலை. டீக்கடையில அவங்க அம்மாவுக்கு கிளாஸ் தர மாட்டாங்களாம். கையை ஏந்திக் குடிப்பாங்களாம். உங்கங்க வீட்ல எப்படின்னு கேட்டுட்டு வாங்கன்னாங்க."

இருந்தது. கொல்லைப்புறக் கூரை இறவாணத்தில் கவிழ்த்து வைத்த ஒரு நசுங்கின அலுமினிய டம்ளர். அகிலா சின்ன வயதில் அதைத் தொட்டுவிட்டு அடி வாங்கியிருக்கிறாள். பள்ளியில் இத்தனை வருடம் வரலாறு நடத்தியும் அதைப் பற்றி யாரிடமும் மூச்சு விட்டதில்லை. "அதெல்லாம் அந்தக் காலம். சாப்பிடு," என்றாள். மஹதி அம்மாவின் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, சரி என்று தோசையைப் பிட்டாள். பதில் கிடைத்துவிட்ட பார்வை அது. உமாராணியிடம் நாளைக்கு என்ன போய்ச் சொல்லப்போகிறாள் என்பதும் அகிலாவுக்குப் புரிந்தது. பெண்ணிடம் சொல்வதற்கு அவளுக்கு ஒரு கதை இருக்கிறது, எனக்கு மறைப்பதற்குத்தான் இருக்கிறது என்று நினைத்தபோது உமாராணிமேல் வந்த ஆத்திரம் நியாயமே இல்லாத ஆத்திரம். நியாயம் பார்த்தா பொறாமை வருகிறது.

வினை வியாழக்கிழமை வந்தது. இரண்டாம் மாடி வராந்தாவில் குளிர்ந்த தண்ணீர் வரும் கூலர் ஒன்றும், பக்கத்திலேயே சாதாரணக் குழாய் ஒன்றும் உண்டு. அன்று காலை ஒன்பது 'ஏ' பிள்ளைகள் சீட்டு எடுத்து, பாதிப் பேர் கையில் சிவப்பு நாடாவும் பாதிப் பேர் பச்சை நாடாவும் கட்டிக்கொண்டார்கள். சிவப்புக்குக் கூலர். பச்சைக்கு அந்தச் சூடான குழாய். மதியத்துக்குமேல் நாடாவை மாற்றிக்கொள்ள வேண்டும், சாயங்காலம் எல்லோரும் உட்கார்ந்து எப்படி இருந்தது என்று பேச வேண்டும். கூலர்மேல் ஒரு சார்ட் ஒட்டியிருந்தது. ஸ்டென்சில் வைத்து வரைந்த பெரிய எழுத்தில், 'உயர்ந்தவர்களுக்கு மட்டும்.' அதற்குக் கீழே சின்ன எழுத்தில், 'அமெரிக்கா, 1950-கள். ஒன்பது ஏ, வரலாற்றுப் பாடம். மதியத்துக்குப் பின் இடம் மாறும்.'

அகிலா மாடியேறி வந்தபோது சார்ட்டைப் பார்க்கவில்லை. மஹதியைத்தான் பார்த்தாள். பச்சை நாடா கட்டிய மஹதி குழாயடியில் நின்றுகொண்டிருந்தாள். பின்னல் அவிழ்ந்திருந்தது. உமாராணி ரிப்பனைப் பல்லில் கடித்தபடி அவளுக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தாள். மஹதி என்னவோ கதை பேசிக்கொண்டு, தலையை ஆட்டி ஆட்டி, உமாராணி "ஆடாத புள்ள" என்று மண்டையில் ஒரு தட்டுத் தட்ட, அவள் சிரித்தாள். வீட்டில் சீப்பை எடுத்துக்கொண்டு கிட்டே போனால், "நானே பின்னிக்கிறேன், தொடாதம்மா" என்று விலகுகிற பெண். தொட விடாமல் ஆகி மூன்று மாதம் இருக்கும்.

அகிலா அந்த இடத்திலேயே வெந்துபோனாள். மணியடித்து வராந்தா காலியாகும் வரை மாடிப்படி ஓரம் நின்றாள். பிறகு வந்து கூலரைப் படம் எடுத்தாள். டீச்சர்கள் கழிவறைக்குள் போய்த் தாழ்போட்டு, கீழே இருந்த சின்ன எழுத்தையெல்லாம் விரலால் தள்ளி வெட்டினாள். மிச்சம் இருந்தது ஒரு தண்ணீர்க் கூலரும் 'உயர்ந்தவர்களுக்கு மட்டும்' என்ற வாசகமும். அதை விமல் அம்மாவுக்கு அனுப்பினாள். விமல் அம்மா என்றால் அந்த வகுப்புப் பெற்றோர்களுக்கு வானொலி நிலையம். 'இது என்ன புதுசா இருக்கு, உங்களுக்குத் தெரியுமா? நான் அனுப்பினேன்னு சொல்லிடாதீங்க, நான் டீச்சர்' என்று கூடவே இரண்டு வரி.

விமல் அம்மா சொல்லவில்லை, வாக்குத் தவறாத மனுஷி. படத்தை மட்டும் ஊருக்கே பரிமாறினாள்.

சாயங்காலம் வகுப்புப் பெற்றோர்களின் வாட்ஸ்அப் குரூப் பற்றிக்கொண்டது. தமிழ்நாட்டிலும் கேரளத்திலும் பிறந்தவர்களுக்குத் தனித் தண்ணீர் என்றால் அமெரிக்காவா ஞாபகம் வரும். கடல் தாண்டி வந்தும் ஜாதியா என்றார் ஒருவர். என் பெண்ணை எந்தக் குழாயில் குடிக்க வைத்தார்கள் என்று இப்போதே தெரிய வேண்டும் என்றார் இன்னொருவர். தூதரகத்துக்கு எழுதுவோம் என்று ஒரு குரல். அந்த டீச்சர் எந்த ஊர், என்ன ஆளுங்க என்று விசாரியுங்கள், அப்புறம் புரியும் என்று ஒரு மகானுபாவர் எழுதினார். அதற்கு ஏழெட்டுக் கட்டைவிரல். அகிலாவுக்கு அதைப் படித்ததும் பகீரென்றது. உமாராணி பிரின்சிபாலிடம் நாலு வார்த்தை வாங்கிக் கட்டிக்கொள்வாள் என்று மட்டும்தான் அவள் கணக்குப் போட்டிருந்தாள்.

மஹதி அப்பாவின் ஃபோனில் படத்தைப் பார்த்துவிட்டு ஓடி வந்தாள். முகம் செத்துப்போயிருந்தது.

"அம்மா, இதுல கீழ எழுதினது எங்க? யாரோ கட் பண்ணியிருக்காங்க. பாடம்னு போட்டிருந்துச்சும்மா. நான்தான் எழுதினேன்."

"நீயா?"

"சார்ட் நான்தான் போட்டேன். ஐடியாவே என்னோடது. குழாய் வேண்டாம் மஹதி, நம்மாளுங்க தப்பா எடுத்துப்பாங்கன்னு மிஸ் எவ்வளவோ சொன்னாங்க. நான்தான் விடாம கெஞ்சினேன்."

அகிலா வெட்டிப் போட்டது பெற்ற பெண்ணின் எழுத்தை.

வெள்ளி, சனி விடுமுறை முடிந்து ஞாயிற்றுக்கிழமை பள்ளி திறந்ததும் பிரின்சிபால் ராஜீவ் கூப்பிட்டு அனுப்பினார். பாலக்காட்டுக்காரர், நிதானமானவர், பெற்றோர் என்றால் மட்டும் தொடை நடுங்கும். அறையில் விமலின் அப்பாவும் அம்மாவும் இருந்தார்கள். துறைத் தலைவி என்ற முறையில் அகிலாவுக்கு ஒரு நாற்காலி. உமாராணிக்கு உட்காரச் சொல்ல யாருக்கும் தோன்றவில்லை.

"இது யாரோட ஐடியா டீச்சர்?" என்று கேட்டார் ராஜீவ்.

"என்னோடது சார்."

"பிள்ளைங்க யாராவது கேட்டாங்களா?"

"இல்ல சார். எல்லாம் நான் சொல்லித்தான் செஞ்சாங்க." உமாராணி அகிலா பக்கம் திரும்பவே இல்லை. "கீழ, வரலாற்றுப் பாடம்னு எழுதியிருந்துச்சு சார். ஃபோட்டோவுல யாரோ அதை எடுத்துட்டாங்க. சார்ட்டை அன்னைக்கே கிழிச்சுட்டதால காட்ட முடியலை."

ராஜீவ் அகிலாவைப் பார்த்தார். "அகிலா மேடம், நீங்க அந்த வழியாத்தானே போவீங்க. அப்படி எழுதியிருந்ததா?"

சொல்லியிருக்கலாம். இருந்தது சார் என்று இரண்டே வார்த்தை. விமல் அம்மா வேறு பார்வையை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டாள். "நான் கவனிக்கலை சார்," என்றாள் அகிலா.

செவ்வாய்க்குள் ராஜினாமா கொடுத்துவிட்டால் கௌரவமாக அனுப்பிவிடுகிறோம், இல்லாவிட்டால் நாங்களே நீக்க வேண்டியிருக்கும் என்றார் ராஜீவ். வேலை போனால் விசா போகும், விசா போனால் விமானம்தான். உமாராணி தலையாட்டிவிட்டு வெளியே வந்தாள். வராந்தாவில் அகிலாவைப் பார்த்து நின்று, "மஹதி பேர் எங்கயும் வராது மேடம். நீங்க கவலைப்படாதீங்க," என்றாள்.

கேளுங்கள், அந்த நேரத்தில் அகிலாவுக்கு வெட்கம் வரவில்லை. என் பெண்ணைக் காப்பாற்ற இவள் யார் என்றுதான் வந்தது.

வீட்டுக்கு வந்தால் மஹதி யூனிஃபார்மைக்கூட மாற்றாமல் ஹாலில் நின்றிருந்தாள். அதற்குள் செய்தி அவள் காதுக்குப் போயிருந்தது. "நாளைக்கு நான் ப்ரின்சிபால் சார்கிட்ட போய்ச் சொல்லப்போறேன்," என்றாள்.

"நீ வாயைத் திறக்கக் கூடாது."

"மிஸ் எனக்காகப் போறாங்கம்மா. என்னை மாட்டிவிடாம, அவங்க பையனுக்காக வந்த வேலையை விட்டுட்டுப் போறாங்க. நீயா இருந்தா செய்வியா?"

மஹதி கண்ணைத் துடைத்துக்கொண்டு, நிதானமாக, பெரிய மனுஷி மாதிரி சொன்னாள். "சொல்லக் கூடாதுன்னா சொல்லலை. ஆனா நான் கெழவியாகற வரைக்கும் அவங்களை மறக்க மாட்டேன். என் பொண்ணுக்கு அவங்க பேர்தான் வைப்பேன்."

அன்று முழுவதும் அந்த வார்த்தை அகிலாவை அரித்தது. சாம்பாரில் உப்பு இரண்டு தடவை விழுந்தது. அவள் மனசு எங்கெங்கோ ஓடி, கடைசியில் ஓர் இடத்தில் வந்து நின்றது. உமாராணி போய்விட்டால் என்ன ஆகும்? இங்கே இருந்தால் ஒரு நாள் மஹதியைத் திட்டுவாள், மார்க்கைக் குறைப்பாள், வேறொரு பிள்ளையைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடுவாள். மஹதிக்கும் ஒரு நாள் சலிக்கும். போய்விட்டால் அதெல்லாம் நடக்காது. என்றைக்கும் அதே உமா மிஸ், வேலையையே தியாகம் செய்த உமா மிஸ். அவளோடு யார் போட்டி போடுவது? பேத்திக்குப் பேரே வைத்துவிடுவார்கள். வயிற்றெரிச்சல் தாங்காமல் எடுத்த படம், வயிற்றெரிச்சலுக்குக் காரணமானவளைச் சாமியாக்கிவிட்டது.

அவளை விமானம் ஏறவிடக் கூடாது என்று முடிவு செய்தாள் அகிலா. நல்ல மனசு வந்து செய்த முடிவு என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. பொறாமைதான். பொறாமை ஒரு மனுஷியை நல்ல காரியம் செய்ய வைக்கிற நாளும் உண்டு, அவ்வளவுதான்.

திங்கள் காலை ராஜீவின் மேஜைமேல் தன் ஃபோனை வைத்தாள். வெட்டாத படம் அதில் பத்திரமாக இருந்தது. "நான்தான் எடுத்தேன், நான்தான் வெட்டினேன், நேத்து நான் பொய் சொன்னேன். பாடம்னு எழுதியிருந்துச்சு. ஐடியா என் பொண்ணோடது," என்று ஒரே மூச்சில் சொன்னாள். ராஜீவ் கண்ணாடியைக் கழற்றி, துடைத்து, மறுபடி போட்டுக்கொண்டார். ஏன் என்று அவர் கேட்டதற்கு, "அவங்களைப் பிடிக்கலை சார்," என்றாள்.

உமாராணியின் ராஜினாமாப் பேச்சு அதோடு நின்றது. அகிலாவின் துறைத் தலைவி பதவி அன்றே போயிற்று. மெமோ வந்தது. பெற்றோர் குரூப்பில் தன் பேரில் முழுப் படத்தையும் போட்டு மன்னிப்புக் கேட்கச் சொன்னார்கள். கேட்டாள். சாயங்காலம் பூராவும் குரூப்பில் அவளைக் கிழித்துத் தோரணம் கட்டினார்கள். அன்றைக்கு வீராவேசம் பேசிய மகானுபாவர், இப்படிப்பட்டவர்களை டீச்சர் என்று சொல்லவே கூசுகிறது என்று எழுதினார். விமல் அம்மா ஒரு சொல் எழுதவில்லை.

அன்று மதியமே உமாராணி ஸ்டாஃப் ரூமுக்கு வெளியே அவளைப் பிடித்திருந்தாள்.

"நன்றி கின்றின்னு எதுவும் சொல்லாதீங்க," என்றாள் அகிலா. "உங்களுக்காகச் செய்யலை."

"சொல்லலை மேடம். நீங்கதான்னு எனக்கு நேத்தே தெரியும். கவனிக்கலைன்னு சொன்னீங்களே. நீங்க எதையாச்சும் கவனிக்காம விட்டிருக்கீங்களா."

"தெரிஞ்சுமா வாயை மூடிட்டிருந்தீங்க?"

"சொல்லியிருந்தா அது மஹதிக்குத் தெரிஞ்சு போகுமே."

அகிலாவுக்குத் தாங்கவில்லை. "ஒவ்வொரு தடவையும் என்னைவிட நல்லவங்களா இருந்தே தீரணுமா உங்களுக்கு? ஒரு தடவை திட்டுங்களேன்."

உமாராணி சிரிக்கவில்லை. "திட்ட வருது மேடம். நாலு ராத்திரியா என் மவன் முகத்தை நெனச்சுக்கிட்டு முழிச்சுக்கிடந்தேன். இப்ப திட்டினா நிறுத்த மாட்டேன். அதான் போறேன்," என்று வகுப்புக்குப் போய்விட்டாள்.

மஹதியிடம் சொல்வதுதான் பாக்கி. பள்ளி விட்டதும் காரில், எஞ்சினைப் போடாமலே அகிலா சொன்னாள். படம், வெட்டியது, விமல் அம்மா, பிரின்சிபால் அறையில் சொன்ன பொய், இன்றைக்குச் சொன்ன நிஜம், ஒன்று விடாமல். மஹதி மடியில் பையை வைத்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தாள். கடைசியில், "எதுக்கும்மா?" என்றாள்.

"பொறாமை."

"யார் மேல?"

"உங்க மிஸ் மேலதான். நீ அவளைப் பாக்கிற மாதிரி என்னைப் பாத்து எத்தனை நாளாச்சு."

மஹதி கதவைத் திறந்து இறங்கினாள். இறங்கி, ஜன்னல் பக்கம் குனிந்தாள். "அலபாமாவுல, எங்களை மரியாதையா நடத்துற வரைக்கும் உன் பஸ்ல ஏற மாட்டோம்னு அத்தனை பேரும் நடந்தே வேலைக்குப் போனாங்க. ஒரு வருஷத்துக்கு மேல. ஞாபகம் இருக்கா?"

"எனக்கே பாடம் எடுக்கிறியா?"

"நானும் இந்த வண்டியில ஏறலை," என்றாள் மஹதி. பையை முதுகில் மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டாள். வீட்டுக்கு இருபது நிமிட நடை. அகிலா காரை உருட்டிக்கொண்டே அவள் பின்னால் போனாள். பின்னாலிருந்து ஒருவன் ஹாரன் அடித்து அடித்து ஓய்ந்தான்.

மறுநாள் காலை பெண் எழுந்து, தானே தலை பின்னிக்கொண்டு, இருவரும் எழுவதற்குள் கதவைச் சாத்திக்கொண்டு போய்விட்டாள். "விடு, கொஞ்ச நாள் நடக்கட்டும்," என்றார் சேதுமாதவன். அகிலா அவர் பேச்சைக் காதில் வாங்காமல் சாவியை எடுத்துக்கொண்டு ஓடினாள். மசூதி வளைவில் திரும்பியதும் கண்ணில் பட்டது, நடைபாதையில் மஹதி, அவளிடமிருந்து பத்தடி பின்னால் உமாராணி. அவளுக்குக் கார் ஏது, தினமும் அந்த வழியாக நடந்து வருகிறவள்தான். விமானம் ஏறவேண்டியவளைப் பிடித்து நிறுத்தி, காலை நடைக்குப் பெண்ணைத் துணைக்கும் கொடுத்திருக்கிறோம், இதைவிட முட்டாள்தனம் உண்டா என்று நினைத்தாள் அகிலா. காரைக் குளிர்பானக் கடை வாசலில் நிறுத்திப் பூட்டிவிட்டு, செருப்பு தட்டத் தட்ட நடந்தாள். கால் பழக்கமில்லாமல் மூச்சு இரைத்தது.

காலடிச் சத்தம் கேட்டு உமாராணி திரும்பிப் பார்த்து நின்றாள். மஹதியும் திரும்பிப் பார்த்தாள், ஆனால் நிற்கவில்லை.

"போங்க, அவகூட நடங்க. எனக்காக எதுக்கு நிக்கிறீங்க?" என்றாள் அகிலா.

"எங்க நடக்கிறது. என்கிட்டயும் பேச மாட்டேங்கறா மேடம். என் ஐடியாவை உங்களோடதுன்னு ஏன் சொன்னீங்க, எங்கம்மாதான்னு தெரிஞ்சும் ஏன் மறைச்சீங்க, எல்லாரும் எனக்கு நல்லது பண்றேன்னு என்னைக் கேக்காமலே பண்றீங்கன்னு நேத்து ராத்திரி அப்பா ஃபோன்லேர்ந்து கூப்பிட்டு ஒரே சண்டை. நான் கிட்டே போனா வேகமா நடக்கறா."

அகிலாவுக்கு உள்ளே குபுக்கென்று ஒரு சந்தோஷம் பொங்கியது. பால் பொங்குகிற மாதிரி பொங்கியது. சீ, நானும் ஒரு மனுஷியா என்று அவளே கூசிப்போனாள். கூசியும் அது அடங்கவில்லை, முகத்தில் வந்துவிட்டது. உமாராணி அதைப் பார்த்துவிட்டாள். துப்பட்டாவைத் தலையில் போட்டுக்கொண்டு நடந்தாள்.

இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் நடந்தார்கள். முன்னால் மஹதி தனியாகப் போய்க்கொண்டிருந்தாள், கோணல் வகிடும் ஒரு பக்கம் இறங்கின பின்னலுமாக. அதை அவிழ்த்துச் சரியாகப் பின்னிவிட அகிலாவின் விரல்கள் தவித்தன. பக்கத்தில் நடந்தவளின் கண்ணும் அங்கேதான் இருந்தது. பள்ளி கேட் வரை மஹதி ஒரு தடவைகூடத் திரும்பவில்லை.